அடிக்கடி விழுந்த பிரேக்கர்

ஜூன் 6, திங்கள்

ஆரோக்கியராஜ் அண்ணனின் மோட்டார் மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. வேலை நோட்டில் ‘2 எச்.பி., சிங்கிள் பேஸ், கம்ப்ரசர், எரிந்தது’ என்று மட்டும் எழுதினேன். மீதியை அதில் எழுத இடமும் இல்லை, மனமும் இல்லை. கல்லூரி விடுதிக்குப் போன மகள் விட்டுச்சென்ற டைரி ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

பம்ப் கம்பெனியில் பதினாறு வருடம் மோட்டாருக்குத் தாமிரக் கம்பியால் காயில் கட்டியவள் நான். கம்பெனியை மூடிய பிறகு இரண்டு வருடமாக வீட்டுக் கார் ஷெட்டில் சொந்தமாக இதே வேலை. எங்களிடம் கார் இருந்ததில்லை. என் கணவர் ஓட்டும் பள்ளி வேன் தெருவில்தான் நிற்கும். ஷெட் என்னுடையது. இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் கட்டிய மோட்டார் எரிந்து திரும்பி வந்தது கிடையாது, இந்த ஒன்றைத் தவிர.

அண்ணனுக்கு வீடு சரவணம்பட்டியில். அவரும் கார் ஷெட்காரர்தான். பைக்குகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார். ஸ்ப்ரே கன்னுக்குக் காற்றுத் தரும் கம்ப்ரசரின் மோட்டார் இது. முதல் முறை எரிந்து ஜனவரியில் என்னிடம் வந்தது, கட்டிக் கொடுத்தேன். ஏப்ரலில் எரிந்தது, இலவசமாகக் கட்டிக் கொடுத்தேன். இப்போது மறுபடியும்.

“எட்டு வருசமா ஒரே மாதிரி ஓடிட்டிருந்துச்சுங்க அம்மணி. எப்ப உங்ககிட்ட வந்துச்சோ, அதுக்குப் பொறவுதான் இந்த லொள்ளு” என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் அதிகமாக உறுத்துகிறது.

மனிதர் கொஞ்சம் அதிகம் பேசுகிறார். மோட்டாரின் பெயர்த்தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்திருக்கிறது. வாசல் வெயிலுக்குத் தூக்கிப்போய்த்தான் 11.5 ஆம்பியர் என்று படிக்க முடிந்தது.

ஜூன் 7

காயிலைப் பிரித்தேன். முழுவதும் ஒரே கறுப்பு. கம்பி வேலையில் தப்பு இருந்தால் ஒரு இடத்தில் கருகி, அங்கிருந்து பரவியிருக்கும். இது சட்டியில் போட்டு வறுத்ததுபோல் எல்லாப் பக்கமும் சமமாகக் கருகியிருக்கிறது. அளவுக்கு மீறிய கரண்ட் நெடுநேரம் ஓடியிருக்க வேண்டும். அப்படியானால் காரணம் வெளியே இருக்கிறது. என் மேசையில் இல்லை.

அளவு நோட்டில் ஜனவரியில் எழுதிவைத்தபடியே, காயிலுக்கு நாற்பத்து மூன்று சுற்று, புதிதாகக் கட்ட ஆரம்பித்தேன். என்னவோ ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் இந்த முறை விடப்போவதில்லை.

ஜூன் 8

ஷெட்டு பல்பு மங்கிவிட்டது. கணவரிடம் சொன்னேன். போன மாதம்தான் மாற்றினேன் என்கிறார். மறுபடி மாற்றினார். இதுவும் மங்கல்தான். இப்போதெல்லாம் பல்புகள் தரமாக வருவதில்லை.

ஜூன் 11, சனி

மோட்டாரை நானே கொண்டுபோனேன். அவர் வேனில் இறக்கிவிட்டார்.

அந்த வீட்டுக் கார் ஷெட் பெயின்ட் வாசனையில் மிதக்கிறது. சுவரில் பைக் டேங்குகள் காய்கின்றன. மூலையில் கம்ப்ரசர். அதற்கு மேலே சுவிட்ச் பெட்டி, பெட்டிக்குக் கீழே பலகையில் வரிசையாகத் தின்னர் டப்பாக்கள். ஒரு பொறி பட்டால் போதும், தின்னர் பற்றிக்கொள்ளும்.

பெட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒரே ஒரு பிரேக்கர், கரண்ட் மிஞ்சினால் தானாக விழுந்து அணைப்பது. அதில் 40 என்று போட்டிருந்தது. பெரிய எழுத்து, நன்றாகவே தெரிந்தது.

“நாப்பதா? யாரு போட்டது?”

“எலக்ட்ரீசியன் தம்பிதானுங்க. மொத இருந்தது சின்னது. பிப்ரவரியில இருந்து ஒரு நாளைக்குப் பத்து தடவ விழுந்துருச்சு. பெயின்ட் பாதி அடிச்சிட்டிருக்கறப்போ காத்து நின்னா டேங்க் பூரா திட்டுத் திட்டா ஆயிருமுங்க. பெருசாப் போடுப்பான்னேன். இதப் போட்டான். அதுக்கப்புறம் ஒரு தடவகூட விழலீங்க.”

“விழாதுங்ண்ணா. மோட்டார் எரிஞ்சாக்கூட விழாது.”

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. மறைக்கவேண்டியதில்லை, இது என் டைரிதானே. குற்றவாளி கிடைத்துவிட்டான்.

மோட்டாரைப் பூட்டி ஐந்து நிமிடம் ஓட்டினோம். பெட்டிக்குப் போகும் வயரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. இந்த மோட்டாருக்கு நாற்பது ஆகாது, மாற்றிய பிறகு ஓட்டுங்கள் என்று சொன்னேன். ஆறு வண்டி ஆர்டர் இருக்கிறது, வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும், அடுத்த வாரம் கண்டிப்பாக மாற்றுகிறேன் என்றார். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா டீ கொண்டுவந்தார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தின்னர் டப்பாவை அங்கிருந்து எடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன். திங்கட்கிழமை போனில் சொல்ல வேண்டும்.

ஜூன் 12, ஞாயிறு

கணபதி ஏரியாவில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை ஞாயிறும் பாதி நாள் திறந்திருக்கும். கடைக்காரர் தனியாகத்தான் இருந்தார். “மோட்டாருக்கு என்ன பிரேக்கர் போடுறதுங்க?” என்று கேட்டேன். “எத்தன எச்.பி.?” என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது: பிரேக்கர் மோட்டாரைக் காப்பதற்காக இருப்பதே அல்ல. அது வயரைக் காக்கிறது. சுவருக்குள் ஓடும் வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து அதற்குள் அடங்கும் எண்ணைப் போட வேண்டும். மோட்டாரைக் காக்க ஓவர்லோடு ரிலே என்று தனியாக ஒன்று உண்டு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும். அதில் ஒரு திருகு. மோட்டார் தகட்டில் என்ன ஆம்பியரோ அதில் வைத்துவிட்டால், அதற்கு மேல் சில நிமிடம் இழுத்தால் அணைத்துவிடும். மனிதர்களைக் காக்க மூன்றாவதாக ஒன்று. கரண்ட் கசிந்தால் அது விழும். ஆக வயருக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று.

“நம்ம சனங்க மூணு வேலைக்கும் ஒரே பிரேக்கர வெச்சுக்குவாங்க. அதுவும் விழுதுன்னா பெருசு மாத்திருவாங்க” என்றார்.

எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கும் என்றும் காட்டினார். பி என்றால் விளக்குக்கு, ஹீட்டருக்கு. மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்குமே, அதைப் பி தாங்காது, உடனே விழுந்துவிடும். சி தாங்கும். டி இன்னும் பொறுமைசாலி. நீங்கள் சொல்லும் வயருக்கும் மோட்டாருக்கும் சி-16 போதும் என்றார்.

பதினெட்டு வருடமாக மோட்டாருக்குள் தாமிரத்தைத் திணித்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாமிரத்துக்குக் காவலாக வெளியே என்ன நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வீடு வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். இந்த வயதிலும் ஒரு புதுச் சாமானைப் பற்றித் தெரிந்துகொள்வதில் என்ன ருசி.

ஜூன் 14

கடைக்காரர் கெட்டுப்போன பிரேக்கர் ஒன்றைச் சும்மா கொடுத்திருந்தார். இன்று ஆணிகளைத் துளைத்து எடுத்து, இரண்டாகப் பிளந்து, வாசற்படி வெயிலில் வைத்துப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு இடத்துக்குள் ஒரு ஊரே இருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை. சூடேறினால் மெல்ல வளைந்து கொக்கியைத் தள்ளும். அது நிதானக்காரன். மறுபக்கம் ஒரு குட்டிக் காயில். பெருங்கரண்ட் பாய்ந்தால் கண்ணிமைப்பதற்குள் கொக்கியை அடிக்கும். அது கோபக்காரன். பொறியை விழுங்க அடுக்கடுக்காய்த் தகடுகள்.

குட்டிக் காயிலைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. சுற்றுகளை எண்ணினேன். ஏழு. என் கணவர் வந்து எண்ணிவிட்டு எட்டு என்றார். ஓரத்துச் சுற்றைக் கணக்கில் எடுக்கலாமா கூடாதா என்பதில்தான் வித்தியாசம்.

போன் செய்து தின்னர் டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். ரிப்பேருக்கு வீட்டு மிக்சி ஒன்று வந்துவிட்டது, போன் செய்யவில்லை.

ஜூன் 17, வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் போன் செய்தார். என்ன சொல்கிறார் என்றே முதலில் விளங்கவில்லை.

தீ.

கடைசி வண்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மோட்டார் கிளம்பாமல் உறுமியிருக்கிறது. வோல்டேஜ் குறைவாக இருக்கும், தானாகக் கிளம்பிவிடும் என்று விட்டுவிட்டார். நாற்பது விழவே இல்லை. பெட்டி உருகிப் பிளாஸ்டிக் எரிந்து சொட்டியிருக்கிறது. ஸ்டெல்லா அக்கா ஓடிவந்து தின்னர் டப்பாக்களை வாரி வெளியே வீசியிருக்கிறார். கடைசி டப்பாவை எடுக்கும்போது உருகிய பிளாஸ்டிக் இடது கையில் விழுந்துவிட்டது. அண்ணன் மெயினை அணைத்து மணலைக் கொட்டினார்.

நான் போனபோது அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். சுவர் கூரைவரை கறுத்திருந்தது.

ஜூன் 18

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து விரல்வரை கட்டு.

“டப்பா வெடிச்சிருந்தா வீடே போயிருக்குமுங்க” என்றார் ஸ்டெல்லா அக்கா. “இந்தக் கையோட போச்சே.”

அண்ணனைத்தான் அதிகம் பேசுகிற மனிதர் என்று எழுதியிருந்தேன். படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, “நீங்க சொன்னீங்க அம்மணி. நாந்தேன் கேக்கல” என்றார்.

நான் ஒரு முறைதான் சொன்னேன். டீ குடித்துவிட்டு வந்தேன். டப்பாவைப் பற்றிச் சொல்லவே இல்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை, “விடுங்கண்ணா” என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 21

மோட்டாரை எடுத்துவந்து மறுபடி கட்டினேன். அதே நாற்பத்து மூன்று. ஊசியில் கட்டு நூலைக் கோக்க அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. “மங்கை, ஒருநா கண் டாக்டர்கிட்ட போலாமா?” என்றார். கை நடுங்குகிறது, வேறொன்றுமில்லை, நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை என்றேன்.

ஜூன் 24, வெள்ளி

இன்று எல்லாம் சரியாக நடந்திருக்க வேண்டும்.

லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரை அழைத்துப்போனேன். புது வயர், புதுப் பெட்டி. பெட்டி இப்போது எதிர்ச் சுவரில். தின்னர் டப்பாக்களுக்கு வெளியே தனி அலமாரி. சி-16 பிரேக்கர். ஆளைக் காக்கும் பிரேக்கர். ஸ்டார்ட்டர், அதில் ரிலே. நானே திருகை 11.5-இல் வைத்தேன்.

மோட்டார் கிளம்பியது. எல்லோரும் சிரித்தோம். ஒன்பதாவது நிமிடம் டக்கென்று நின்றது. ரிலே விழுந்திருந்தது.

ஆறவிட்டு மறுபடி ஓட்டினோம். எட்டு நிமிடம்.

வயர்மேன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். “ரிலே டயல் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்குமுங்க. பதினாலுல வெச்சுட்டா நிக்காம ஓடும்.”

அண்ணன் ஆணி டப்பாவைத் துழாவி ஒரு பழைய பிரேக்கரை எடுத்துக் காட்டினார். “மொத இருந்தது இதானுங்க. இதுவும் இப்பிடித்தேன் விழுந்துட்டே இருந்துச்சு.”

வாங்கி வெயிலில் பிடித்தேன். சி-16. இன்று நான் மாட்டியதும் அதேதான். அதே எழுத்து, அதே எண்.

அப்படியானால் எட்டு வருடமாக அங்கே சரியான பிரேக்கர்தான் இருந்திருக்கிறது. எட்டு வருடமாக விழாதது பிப்ரவரியிலிருந்து ஏன் விழுந்தது?

டயலைத் தொடவேண்டாம், மோட்டாரை ஓட்டவும் வேண்டாம் என்று சொல்லி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சும்மா சுழலவிட்டு, கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினேன். சுமையே இல்லாமல் ஒன்பது ஆம்பியர். ஆறுக்குள் இருக்க வேண்டும்.

மோட்டாரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

ஜூன் 25

வேலை எதுவும் எடுக்கவில்லை. ஷெட்டைக் கூட்டினேன்.

ஜூன் 26, ஞாயிறு

சுற்று குறைந்தால் கரண்ட் ஏறும். இது எனக்குப் புதிதல்ல, கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் சொல்லித் தருவது. நேற்று முழுக்க அதை நினைக்காமல் இருக்க முயன்றேன்.

ஒரு மோட்டார் முதல் முறையாக என்னிடம் வந்தால் பழைய காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணி, கையில் கிடைத்த தாளில் பென்சிலால் எழுதுவேன். பெரும்பாலும் தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். பிறகு அளவு நோட்டில் நல்ல எழுத்தில் பார்த்து எழுதிக்கொண்டு, தாளைக் கம்பியில் குத்திவிடுவேன். ஜனவரித் தாள்களை எடுத்துத் தேடினேன். ஆரோக்கியராஜ் என்று எழுதிய தாள் கிடைத்தது. ஜனவரி 19.

நாற்பத்து மூன்று என்றுதான் இருந்தது.

நிம்மதியாக மூச்சுவிட்டேன். பிறகு, ஏனென்று தெரியவில்லை, அவரைக் கூப்பிட்டு, “இது என்ன எண்ணு, படிங்க” என்றேன்.

“நாப்பத்தெட்டு.”

“நல்லாப் பாருங்க. மூணு.”

“எட்டு மங்கை. இந்தப் பக்கமும் மூடியிருக்கு பாரு.”

சத்தம் போட்டேன். பென்சில் தேய்ந்திருக்கிறது என்றேன். வெளிச்சம் இல்லை என்றேன். அவர் தாளை வாசலுக்குக் கொண்டுபோய், கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக் காட்டினார். தூரத்தில் அது மெல்ல மெல்ல எட்டாக மாறியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் ஒருநாளும் குத்திக்காட்டுகிறவர் இல்லை. இன்று குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை போல் இருந்தது.

ஜூன் 28

கண்ணாடி வந்துவிட்டது. இத்தனை வயதுக்கு எல்லோருக்கும் வருவதுதானம்மா, ஏன் இரண்டு வருடம் இழுத்தடித்தீர்கள் என்று கேட்டார் டாக்டர்.

ஷெட்டு பல்பில் ஒரு குறையும் இல்லை.

அளவு நோட்டை முதலிலிருந்து எடுத்து, கம்பியில் இருந்த ஒவ்வொரு தாளோடும் ஒப்பிட்டேன். எழுபத்தொரு மோட்டார். இன்னொன்றிலும் தப்பு இருந்தது. ஒரு மாவு மில்லின் சின்ன மோட்டார், மார்ச் மாதம் கட்டியது. உடனே போன் செய்தேன். “ஓடுதுங்க, ஆனா சூடு ஜாஸ்தி” என்றார் மில்காரர். நிறுத்திவிட்டுக் கொண்டுவரச் சொன்னேன்.

இனி நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். ஜனவரியில் ஐந்து சுற்று குறைத்துக் கட்டினேன். மோட்டார் கூடுதலாக இழுத்தது. சின்ன பிரேக்கர் அதைக் கண்டுபிடித்து ஒரு நாளைக்குப் பத்து முறை சொன்னது. யாரும் கேட்கவில்லை. வாயை அடைக்க நாற்பதைப் போட்டார்கள். பிறகு அந்த வீட்டில் எதைக் காக்கவும் எதுவும் இல்லை.

நாற்பதைப் போட்டது அவர்கள். நாற்பது தேவைப்படும்படி செய்தது நான்.

ரிலேவின் திருகைப் பதினாலுக்குத் திருப்பினால் கொஞ்ச காலத்துக்கு ஓடும். அல்லது நாற்பத்தெட்டு சுற்றுப் போட்டுக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, ரிலேவில் கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டேன் என்று சொல்லலாம். அண்ணன் நம்புவார். தன் தப்பு என்றுதான் அவர் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டெல்லா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஜூன் 29, புதன்

சொல்லிவிட்டேன்.

அக்கா முன்னறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை தலையணைமேல். அண்ணன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என் கண்ணாடியைப் பார்த்து, “அட, புதுசா” என்று சிரித்தார். நான் உட்காரவில்லை. இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தேன், ஜனவரி மாதக் காலண்டர் தாளும் அளவு நோட்டில் கிழித்த பக்கமும்.

“அண்ணா, மோட்டார்ல சுத்து கொறைவுங்க. நாப்பத்தெட்டு கட்டணும். நாப்பத்திமூணு கட்டிட்டேன். ஒரு தடவையில்ல, நாலு தடவையும். என் கண்ணுல கோளாறு. எனக்கே ஞாயித்துக்கெழமதான் தெரியும்.”

அவர் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். “அப்ப அந்தச் சின்ன பிரேக்கரு…”

“அது சரியாத்தான் விழுந்துச்சு. என் மோட்டார்தான் தப்பு.”

வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“அப்ப இந்தக் கை உங்களாலதானா?”

‘இல்லை’ என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. நாற்பது போட்டது யார் என்று கேட்கவும் தயாராக இருந்தது.

“எனக்கும் பங்கு இருக்குதுங்க்கா. எவ்வளவுன்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. ஆனா ஆரம்பிச்சது எங்கிட்டத்தான். டப்பாவ எடுக்கச் சொல்லணும்னு அன்னிக்கே தோணுச்சு. அதையும் சொல்லல.”

அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

“நான் பத்து நாளா எம் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க முடியாமத் திரிஞ்சேனுங்க” என்றார். குரல் உயரவில்லை. “மோட்டாரச் சரியாக் கட்டிக் குடுங்க. அதுக்குப் பொறவு நாங்க வேற எடம் பாத்துக்கறோம்.”

“சரிங்ண்ணா.”

வாசலில் செருப்பு மாட்டும்போது, ஆரஞ்சு உரிக்கும் வாசனை மறுபடி வந்தது. பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் இரண்டு ஸ்டாப் நடந்தேன்.

ஜூலை 3

நாற்பத்தெட்டு. மூன்று முறை எண்ணினேன். அவரையும் எண்ணவைத்தேன்.

மாட்டினோம். சும்மா சுழலும்போது ஐந்தே முக்கால். காற்று ஏறும்போது பத்தரை. ரிலே 11.5-இல். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். விழவில்லை. கையால் மோட்டார் உடம்பைத் தொட முடிந்தது. பதமான சூடு.

பிறகு வேண்டுமென்றே பெல்ட்டைக் கட்டையால் அழுத்திப் பிடித்து மோட்டாரைத் திணறவைத்தோம். ரிலே விழுந்தது. இதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

“இனி விழுந்தா டயலத் திருப்பாதீங்க. ஏன்னு பாருங்க. எனக்குச் சொல்லணும்னு இல்ல. யார்கிட்டயாவது கேளுங்க.”

அண்ணன் தலையாட்டினார். அவ்வளவுதான்.

ஜூலை 20

மாவு மில் மோட்டாரை மாற்றிக் கட்டிக் கொடுத்தேன். மில்காரர் வாங்கிக்கொண்டார், வேறு இரண்டு மோட்டார் தருவதாகச் சொன்னதைத் தரவில்லை. விஷயம் பரவிவிட்டது. நானே பரப்பியதுதானே.

ஆகஸ்ட் 5

இந்த வாரம் ஒரு டேபிள் ஃபேன். எண்ணி எழுதினேன். இப்போது எண்களை எழுத்திலும் எழுதுகிறேன், நாற்பத்தெட்டு என்று. மூன்றையும் எட்டையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

ஆகஸ்ட் 22

கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்காரர் கொடுத்த பிரேக்கரை மறுபடி எண்ணினேன். எட்டு சுற்றுதான். கணவரிடம் உடனே சொல்லவில்லை. சாயங்காலம் சொல்லிவிட்டேன். “தெரியும்” என்றார்.

ஸ்டெல்லா அக்காவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லையாம். போய்ப் பார்க்கலாமா என்று தோன்றியது. போகவில்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

காலை பத்து மணி இருக்கும். வாசலில் ஒரு மினி ஆட்டோ நின்றது. முப்பத்தைந்து வயதிருக்கும் பெண் ஒருத்தி இறங்கினாள். ஜீன்ஸ், முழுக்கை சட்டை, தலைமுடியெல்லாம் மரத்தூள். பெயர் தமயந்தி என்றாள். வீட்டுக் கார் ஷெட்டில் மர அலமாரிகள் செய்கிறாளாம். ஆட்டோவில் ரம்பம் ஓட்டும் மோட்டார், மூன்று எச்.பி., எரிந்த வாசனை வாசல்வரை வந்தது.

“மங்கையக்காங்களா? சரவணம்பட்டி ஸ்டெல்லா அக்கா அனுப்புனாங்க.”

“அவங்களா?”

“ஆமாங்க்கா. அவங்க வீட்டுக்கு அலமாரி செஞ்சு குடுத்தேன். மோட்டார் எரிஞ்சுருச்சு, யார்கிட்ட குடுக்கறதுன்னு கேட்டேன். அண்ணன் ஒண்ணும் சொல்லல. அக்காதான் அட்ரஸ் குடுத்தாங்க.” கொஞ்சம் தயங்கினாள். “ஒண்ணு சொன்னாங்க, சொல்லட்டுங்களா?”

“சொல்லும்மா.”

“அந்தம்மாகிட்டயும் தப்பு நடக்கும். ஆனா நடந்தா தானே வந்து சொல்லிரும். மத்தவங்ககிட்ட நடந்தா உனக்குத் தெரியவே தெரியாதுன்னாங்க.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

ஆட்டோக்காரர் மோட்டாரை இறக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அந்தப் பெண் ஒரு பக்கம் பிடித்தாள். அப்போதுதான் என் மூளை பழைய வழியில் ஓட ஆரம்பித்தது. மூன்று எச்.பி., ரம்பம், ஈரமான மரம் வந்தால் திணறும். ஏன் எரிந்தது? பிரேக்கர் ஏன் விழவில்லை?

“இருங்க, இறக்காதீங்க. உன் ஷெட்ல பிரேக்கர் என்ன போட்டிருக்க?”

“பிரேக்கருங்களா… கறுப்பா ஒண்ணு இருக்குதுங்க்கா. மொதல்ல அடிக்கடி விழுந்துட்டிருந்துச்சு. மாத்திட்டோம்.”

“என்ன நம்பருக்கு?”

“தெரியலீங்களே.”

ஷெட்டைப் பூட்டினேன். கிளாம்ப் மீட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்டோவில் அவள் பக்கத்தில், கருகிய மோட்டாருக்கு எதிரே ஏறி உட்கார்ந்தேன்.

“வண்டிய உன் வீட்டுக்கு விடச் சொல்லு. மொதல்ல அதப் பாத்துட்டு வரலாம்.”